கூட்டமான நீர்வழியில் படகு ஓட்டுவது: அலை, முந்துதல், ஒதுங்குதல்

கரையோரம் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. 6.5 மீட்டர் ஃபைபர் படகு, 115 குதிரைத்திறன் அவுட்போர்டு (பின்பக்கம் வெளியே மாட்டும் இஞ்சின்). நீர்வழியின் அகலம் சுமார் 120 மீட்டர். இரண்டு கரையிலும் வரிசையாகக் கட்டிப் போட்ட படகுகள். நடுவில் கயாக், துடுப்புப் படகு, பாய்மரப் படகு, ஜெட் ஸ்கி என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்.

படகுகள் கட்டியிருக்கும் இடம் வரும்போது 20 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வேகத்தை 8 நாட் ஆகக் குறைத்துவிடுகிறேன். அப்படியும் அலை பெரிதாகப் போய்க் கரையில் அடிக்கிறது. பாதிக்கும் கீழே குறைத்த பிறகும் இது ஏன்? எவ்வளவு வேகத்தில் போனால் யாருக்கும் தொந்தரவு இருக்காது? மெதுவாகப் போகும் படகை முந்தும்போது என்ன முறை? கயாக், துடுப்புப் படகுக்காரர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பது என்ன? அனுபவமுள்ளவர்கள் கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

சுக்கான்

சிக்கலே அந்த 8 நாட் வேகத்தில்தான் இருக்கிறது. பாதி வேகம் என்றால் பாதி அலை என்று நினைப்பது இயல்பு. தண்ணீரில் அந்தக் கணக்கு செல்லாது.

உங்கள் படகு தண்ணீரைத் தொடும் நீளம் சுமார் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். படகு எழுப்பும் அலையின் நீளம் வேகத்தோடு சேர்ந்து கூடும். 6 நாட் வேகத்தில் அந்த அலையின் நீளமும் 6 மீட்டராகிவிடும். மூக்கு ஒரு முகட்டில், பின்பக்கம் அடுத்த முகட்டில் உட்கார்ந்திருக்கும். இதற்கு மேல் த்ராட்டிலைக் கூட்டினால் பின்முகடு படகை விட்டு நழுவிப் பின்னால் போய்விடும். பின்பக்கம் பள்ளத்தில் இறங்கும், மூக்கு மேலே தூக்கும். தானே கிளப்பிய அலையின் மேல் படகு மேடேறுவது மாதிரிதான் அது. இஞ்சின் தரும் சக்தியில் பெரும்பங்கு அலையாகப் போய்விடும். உங்கள் படகுக்கு 7 முதல் 12 நாட் வரை இதே நிலைதான் இருக்கும். 15 நாட் தாண்டிய பிறகுதான் படகு எழும்பித் தண்ணீர் மேல் வழுக்கி ஓடும். அதைத்தான் பிளேனிங் என்கிறோம். ஆக, 20 நாட் வேகத்திலிருந்து 8-க்கு இறங்கும்போது, இருப்பதிலேயே மோசமான வேகத்துக்குள் நுழைகிறீர்கள்.

நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.4 ஆல் பெருக்கினால் இந்த எல்லை வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 6 மீட்டருக்கு 5.9, 9 மீட்டருக்கு 7.2. இதில் மூன்றில் இரண்டு பங்குக்குள் ஓட்டுங்கள். உங்களுக்கு அது 4 நாட். அலை உயரம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், கடைசி ஓரிரு நாட் குறைப்பதில்தான் பெரிய பலன் இருக்கிறது.

வேகம் காட்டும் மீட்டரைப் பார்ப்பதைவிடத் திரும்பிப் பின்னால் பாருங்கள். 8 நாட் வேகத்தில் இஞ்சினுக்குப் பின்னால் குழி விழும். அதன் இரு புறமும் கண்ணாடி மாதிரி வழவழப்பான இரண்டு மேடுகள் பிரிந்து போகும், ஓரத்தில் வெள்ளையாக உடையும். 4 நாட் வேகத்தில் அந்தக் குழி மூடிவிடும், டிரான்சத்தை (படகின் பின்சுவர்) ஒட்டித் தண்ணீர் சுருக்கம் மட்டும் விழும். வெள்ளை தெரிந்தால் வேகம் இன்னும் அதிகம். அவ்வளவுதான் அளவுகோல்.

எங்கிருந்து குறைப்பது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். படகின் அலை பக்கவாட்டில் நேராகப் போவதில்லை, முன்னோக்கிச் சாய்ந்து போகிறது. ஆழமான தண்ணீரில் பெரிய முகடுகள் போகும் திசைக்கும் உங்கள் பாதைக்கும் இடையே சுமார் 35 டிகிரி. நீங்கள் நடுவில் ஓட்டுகிறீர்கள், கரை 60 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், கட்டிய படகுக்கு 85 மீட்டர் முன்பே நீங்கள் கிளப்பிய அலைதான் அதன் மேல் போய் அடிக்கும். படகு பக்கத்தில் வந்ததும் குறைப்பதில் பயனே இல்லை, அடிக்கப் போகும் அலை ஏற்கெனவே கிளம்பிவிட்டது. 150 மீட்டர் முன்பே குறைக்கத் தொடங்குங்கள். படிப்படியாகக் குறையுங்கள். ஒரே இழுப்பில் த்ராட்டிலை மூடினால் உங்கள் அலையே பின்னாலிருந்து வந்து படகைத் தூக்கும், தாழ்ந்த டிரான்சம் என்றால் உள்ளேயும் தண்ணீர் ஊற்றும். மூக்கு இறங்கட்டும், பின்அலை கடந்து போகட்டும், அதன்பிறகு 4 நாட் வேகத்தில் நிலைநிறுத்துங்கள்.

அடுத்தவருக்கு நேர்வதைப் படகோட்டி பார்ப்பதே இல்லை என்பதற்கும் இதில் காரணம் இருக்கிறது. 8 நாட் வேகத்தில் போகும் படகின் அலை 60 மீட்டர் தள்ளியுள்ள கரையை எட்ட ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் படகு 250 மீட்டர் போயிருக்கும். கரையில் கட்டிய படகில் முதலில் கயிறு தொய்யும், பிறகு டக்கென்று இறுகி, கயிறு கட்டும் கிளீட்டைப் பிடுங்கும். படகு மோதாமல் தாங்கும் ஃபெண்டர் துள்ளி ஜெட்டி (படகுத்துறை மேடை) மேல் ஏறி உட்கார்ந்துவிடும், அடுத்த அலைக்குப் படகின் விலா நேராகக் கட்டையில் மோதும். ஒரு காலைப் படகிலும் ஒரு காலை ஜெட்டியிலும் வைத்து நிற்பவர் இருந்தால் அவர் நிலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். பல நாடுகளில் உங்கள் அலை செய்யும் சேதத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

ஆழம்பார்

சுக்கான் சொன்னதில் ஆழத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆழம் குறைந்த தண்ணீரில் அலைக்கு ஒரு வேக உச்சம் உண்டு. 1 மீட்டர் ஆழத்தில் அது சுமார் 6 நாட், 2 மீட்டரில் 8.6, 3 மீட்டரில் 10.5. படகின் வேகம் இந்த எண்ணை நெருங்கினால் அலை கலைந்து போக வழியில்லாமல் குவிந்து உயரும், படகின் பின்பக்கமும் அதிகமாக இறங்கும். 2 மீட்டர் ஆழத்தில் 8 நாட் என்பது இரண்டு தவறும் ஒன்றாகச் சேர்ந்த இடம். அடியில் சேறு கலங்குவதும், தாழ்ந்த புரொப்பல்லர் தரையைத் தொடுவதும் இதனால்தான்.

இன்னொன்று. 4 நாட் வேகத்தில் எல்லோரும் பின்பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அலை தேவையில்லாமல் கூடும். இரண்டு பேரை நடுவுக்கு நகரச் சொல்லுங்கள், அவுட்போர்டின் டிரிம்மை (இஞ்சினின் சாய்வு) முழுக்க உள்ளே இறக்குங்கள். டிரான்சம் கொஞ்சம் மேலே வரும், குழி சிறிதாகும்.

ஒரு கேள்வி: பிளேனிங்கில் போனால் அலை 8 நாட் அலையைவிடச் சிறியதுதானே? அப்படியானால் குறைக்காமல் ஒரேயடியாகக் கடந்துவிடுவது நல்லது என்று பலர் வாதிடுகிறார்கள். இதில் உங்கள் கருத்து?

சுக்கான்

அலையை மட்டும் பார்த்தால் அந்த வாதம் பாதி உண்மை. அகலமான திறந்த நீரில், வேக வரம்பு இல்லாத இடத்தில், தனியாக நிற்கும் ஒரு படகை 150, 200 மீட்டர் தள்ளிக் கடக்கும்போது பிளேனிங்கிலேயே போவது மேல். பாதியாகக் குறைத்து மூக்கைத் தூக்கிக்கொண்டு போவதைவிட அது நல்லதுதான்.

120 மீட்டர் நீர்வழிக்கு அது பொருந்தாது. 20 நாட் வேகத்தில் ஒவ்வொரு நொடிக்கும் 10 மீட்டர் போகிறீர்கள். கட்டிய இரண்டு படகுகளுக்கு இடையிலிருந்து ஒரு கயாக் வெளியே வந்தால் பார்த்து, புரிந்து, கை நகர்வதற்குள் 20 மீட்டர் போயிருக்கும். 1972 சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளில் 6-ஆம் விதி பாதுகாப்பான வேகத்தைப் பற்றியது. பார்வை எட்டும் தூரம், கூட்டத்தின் அடர்த்தி, படகு நிற்கும் தூரம், ஆழம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் வேகத்தை முடிவுசெய்ய வேண்டும் என்கிறது. அலை சின்னது என்பது அந்தப் பட்டியலில் ஒரு காரணமாக இல்லவே இல்லை.

நீள்பயணி

முந்துவதைப் பற்றி நான் சொல்கிறேன். இதில் இரண்டு படகுக்கும் வேலை இருக்கிறது. முந்துபவர் மட்டும் பண்போடு நடந்தால் போதாது.

முன்னால் ஒரு மெதுவான பாய்மரப் படகு இஞ்சினில் 6 நாட் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். அதைத் தாண்ட நீங்கள் 8 நாட் போக வேண்டும். மேலே சொன்ன அந்த மோசமான வேகத்தில், அதுவும் பக்கத்திலேயே, நிமிடக்கணக்கில் ஒட்டிப் போவீர்கள். அந்தப் படகு பக்கவாட்டில் உருளும், உள்ளே அடுப்பில் இருப்பது கவிழும். இங்கே முதல் உதவி முந்தப்படுபவரிடமிருந்து வர வேண்டும். அவர் 6 நாட் வேகத்தை 2.5, 3 என்று குறைத்துவிட்டால் நீங்கள் 4.5 நாட் வேகத்தில் அலையே இல்லாமல் தாண்டிவிடலாம். வேகத்தைக் குறைக்க மறுத்துவிட்டு, பெரிய அலை வந்தது என்று குறைபட்டுக்கொள்வது நியாயமில்லை. அதற்காக இஞ்சினை நியூட்ரலில் போட்டுவிடக் கூடாது, சுக்கானுக்குத் தண்ணீர் ஓட்டம் வேண்டும்.

வரிசை இப்படி: பின்னால் ஐந்தாறு படகு நீளம் தள்ளி வேகத்தைக் குறைத்து, அவர் வேகத்துக்கே வாருங்கள். ரேடியோவிலோ, ஹாரனிலோ, கையிலோ எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்று தெரிவியுங்கள். அவர் வேகம் குறைக்கும்வரை காத்திருங்கள். குறைத்ததும் அவரைவிட 1.5, 2 நாட் மட்டும் கூட்டிக் கடந்து செல்லுங்கள். உங்கள் பின்பக்கம் அவர் மூக்கைத் தாண்டிய உடனே முழு த்ராட்டில் போடாதீர்கள். எழும்பும் நேரத்தில் கிளம்பும் அலைதான் எல்லாவற்றிலும் பெரியது. நன்றாக விலகிய பிறகு கூட்டுங்கள். நீங்கள் தாண்டியதும் அவர் உங்கள் பின்பக்கத்தை நோக்கித் திருப்பினால், இருக்கும் அலையைச் சட்டென்று குறுக்கே வெட்டி, நடுவில் இருக்கும் தட்டையான தண்ணீருக்கு வந்துவிடலாம்.

ஹாரன் முறை: குறுகிய வாய்க்காலில் முந்தப்படும் படகும் ஒதுங்கி இடம் தர வேண்டிய நிலை இருந்தால், அவருக்கு வலப்புறமாக முந்த இரண்டு நீண்ட ஒலி, ஒரு குறுகிய ஒலி. இடப்புறமாக முந்த இரண்டு நீண்டது, இரண்டு குறுகியது. அவர் சம்மதித்தால் நீண்டது, குறுகியது, நீண்டது, குறுகியது என்று பதில் தருவார். நீண்டது என்றால் 4 முதல் 6 விநாடி, குறுகியது ஒரு விநாடி. சில நாடுகளின் உள்நாட்டு நீர்வழியில் இந்த ஒலிமுறை வேறு, ஓட்டும் இடத்தின் விதியைப் படித்துக்கொள்ளுங்கள். முந்துபவர்தான் விலகிப் போக வேண்டும் என்பதில் மட்டும் எங்கும் மாற்றமில்லை. பாய்மரப் படகு விசைப்படகை முந்தினாலும் விலக வேண்டியது பாய்மரப் படகுதான்.

துடுப்பு

விசைப்படகு ஓட்டுறவங்க இதைக் கேக்குறதே நல்ல விஷயம். துடுப்புப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

பந்தயத் துடுப்புப் படகுல துடுப்பு போடுறவங்க பின்னால பாத்துதான் உக்காந்திருப்பாங்க. போற திசை அவங்க முதுகுப் பக்கம். தனியாளா ஓட்டுறவர் அப்பப்ப தலையைத் திருப்பிப் பாப்பாரே தவிர, உங்களை அவர் பாத்துட்டாருன்னு நினைச்சுக்காதீங்க. எதிர்ல வந்தா 80, 100 மீட்டர் இருக்கும்போதே அமைதியா ஒரு ஹாரன், இல்ல "முன்னாடி படகு வருது"ன்னு ஒரு குரல். பக்கத்துல வந்து திடீர்னு ஹாரன் அடிச்சா துடுப்பு தண்ணில மாட்டிக் கவிழ்ந்துடும்.

எட்டுப் பேர் படகு ஏறக்குறைய 18 மீட்டர் நீளம். துடுப்பு முனை முதல் முனை வரை அகலம் 6 மீட்டருக்கு மேல. தண்ணிக்கு மேல தெரியுற விளிம்பு ரொம்பக் கொஞ்சம். இவ்வளவு நீளத்துல மூக்கு ஒரு முகட்டுலயும் வால் இன்னொரு முகட்டுலயும் மாட்டினா நடுப்பகுதி தொங்கும், இல்ல நடுவுல தண்ணி ஏறும். அதனால பெரிய அலை வந்தா அவங்க நிறுத்திட்டு, படகை அலைக்கு இணையா திருப்பி, அலை வர்ற பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, துடுப்பைத் தண்ணில தட்டையா வெச்சு வாங்கிப்பாங்க. 18 மீட்டர் படகைத் திருப்ப நேரம் வேணும். அந்த நேரத்தைக் குடுங்க, அதுவே பெரிய உதவி.

கயாக் கதை வேற. அவங்க மூக்கை அலையைப் பாத்துத் திருப்புவாங்க, இல்லன்னா அலைப் பக்கம் சாஞ்சு துடுப்பை ஊன்றுவாங்க. ஒரு அலை அவங்களுக்குப் பிரச்சினையே இல்ல. கரை செங்குத்துச் சுவரா இருந்தா அலை மோதித் திரும்பி வரும், ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல குத்தும். அங்கதான் கவிழ்றாங்க. சுவர் இருக்குற இடத்துல இன்னும் மெதுவா போங்க.

கயாக்கைக் கண்டதும் நல்லெண்ணத்துல சிலர் ரொம்பக் கிட்ட வந்து 7, 8 நாட் வேகத்துல ஊர்ந்து போவாங்க. அதைவிட, தூரத்துலேயே முழுசா குறைச்சு 3 நாட் வேகத்துல போறதுதான் நல்லது. பாதி குறைக்கிறது எங்களுக்குக் குறைக்காத மாதிரிதான்.

எங்க பக்கமும் தப்பு இருக்கு, அதையும் சொல்லிடறேன். கயாக் கூட்டம் வாய்க்காலின் முழு அகலத்துக்கும் பரவிப் போகக் கூடாது. வலது ஓரமா, ரெண்டு பேருக்கு மேல பக்கம் பக்கமா இல்லாம போகணும். குறுக்க கடக்கணும்னா எல்லாரும் ஒண்ணா சேர்ந்து நேர்க்குறுக்கா, சட்டுன்னு கடக்கணும். ஒவ்வொருத்தரா கடந்தா விசைப்படகுக்காரர் பத்து முறை நிக்கணும். இருட்டினதும் ஒரு வெள்ளை டார்ச் கையிலேயே இருக்கணும். பைக்குள்ள வெச்சிருக்குற டார்ச் எதுக்கும் உதவாது.

கரையோரம்

எல்லோருக்கும் நன்றி. 85 மீட்டர் விஷயம் தெரியவே தெரியாது. இரண்டு சந்தேகம் பாக்கி. பாய்மரப் படகுகள் கரைக்குக் கரை குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன, எந்தப் பக்கம் கடப்பது என்றே புரிவதில்லை. அடுத்து, ஜெட் ஸ்கிகள் பின்னாலேயே ஒட்டி வந்து என் அலையில் குதிக்கின்றன. அப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

நீள்பயணி

பாய்மரப் படகு குறுக்கும் நெடுக்குமாகப் போவது விளையாட்டுக்கு இல்லை. காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாயும் போகாது, அதனால் இப்படி வளைந்து வளைந்துதான் ஏற முடியும். அடிப்படை இதுதான்: அதன் பின்னால் கடந்து போங்கள். முன்னால் புகுந்து கடக்க முயலாதீர்கள். அது கரையை நெருங்கிக்கொண்டிருந்தால், இரண்டு மூன்று படகு நீளத்துக்குள் கட்டாயம் திரும்பியே ஆக வேண்டும். அந்தப் படகுக்கும் கரைக்கும் நடுவில் நுழைந்தால் அதற்குத் திரும்ப இடமே இருக்காது. உள்ளே இருப்பவர்கள் தலையைக் குனிவதும் பக்கம் மாறுவதும் தெரிந்தால் அந்த நொடியே திரும்பப் போகிறது என்று அர்த்தம்.

இடம் இருந்தால் காற்று அடித்துப் போகும் பக்கமாகக் கடங்கள். காற்று வரும் பக்கம் உயரமான படகு போனால் பாயில் காற்று நின்றுவிடும். லேசான காற்றில் உங்கள் அலையே பாயை உதறிவிடும், படகு நின்றுபோகும்.

பாய்மரம் என்பதாலேயே எப்போதும் முன்னுரிமை என்பதும் சரியில்லை. ஆழமான குறுகிய வாய்க்காலை விட்டு வெளியே போக முடியாத பெரிய கப்பலுக்கு, 20 மீட்டருக்குக் குறைவான எந்தப் படகும், எந்தப் பாய்மரப் படகும் குறுக்கே நிற்கக் கூடாது என்கிறது 9-ஆம் விதி. அதே விதிதான் எல்லோரையும் முடிந்தவரை வலது ஓரத்தை ஒட்டிப் போகச் சொல்கிறது. உங்கள் 120 மீட்டரில் நடுவில் ஓடுவதையே கைவிடுங்கள். ஆனால் வலது ஓரம் போனால் கரைப் படகுகள் இன்னும் கிட்டே வரும், ஆகவே 4 நாட் என்பது இன்னும் கண்டிப்பாகும்.

எதிரே வருபவர் கண்ணுக்குத் தெரியாத வளைவில் ஒரு நீண்ட ஒலி கொடுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து அதேபோல் ஒரு நீண்ட ஒலி பதிலாக வந்தால் ஓரம் கட்டிக் காத்திருக்கலாம். ஒருவர் என்ன செய்கிறார் என்றே விளங்காவிட்டால் வேகமாக ஐந்து குறுகிய ஒலி. அது திட்டுவதற்கான ஒலி அல்ல, "உங்கள் நோக்கம் புரியவில்லை" என்று சொல்வதற்கான ஒலி. கோபத்தில் நீளமாக அழுத்திப் பிடிப்பவர்களால்தான் அதற்கு மதிப்பே போய்விட்டது.

இழுவைக்கயிறு

ஜெட் ஸ்கி, ஸ்கீயிங் (படகு கயிற்றில் இழுக்க நீரில் சறுக்குவது) பக்கம் நான்.

ஜெட் ஸ்கிக்குச் சுக்கான் இல்லை. பின்னால் பீய்ச்சும் தண்ணீரைத் திருப்பித்தான் அது திரும்பும். பயந்து த்ராட்டிலை விட்டுவிட்டால் பீச்சல் நின்றுவிடும், வண்டி திரும்பாமல் நேராகப் போய் மோதும். புதிய வண்டிகள் சிலவற்றில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது, எல்லாவற்றிலும் இல்லை. அதனால் பின்னால் ஒருவர் ஒட்டி வரும்போது நீங்கள் திடீரென்று நிறுத்தவோ பக்கம் திரும்பவோ வேண்டாம். நேர்கோட்டில், ஒரே சீராக வேகத்தைக் குறையுங்கள். 4 நாட் வேகத்தில் குதிக்க அலையே இருக்காது, பெரும்பாலும் தானே விலகிவிடுவார்கள். விலகாவிட்டால் பதிவு எண், நேரம், இடம் குறித்து, முடிந்தால் படம் எடுத்து அந்த நீர்வழியின் அதிகாரிகளிடம் கொடுங்கள். திருப்பித் துரத்துவது, வேண்டுமென்றே அலை கிளப்புவது எதுவும் வேண்டாம், அங்கே நீந்துபவரும் இருக்கலாம்.

குதிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் குதிக்கும் படகே எதிரில் வருவதை மறைக்கிறது. அந்தப் படகுக்குப் பின்னாலிருந்து நீங்கள் வெளியே வரும்போது எதிரே வருபவருக்கு உங்களைப் பார்க்க ஒரு விநாடிகூடக் கிடைக்காது.

ஸ்கீயிங் படகின் பின்னால் போகவே போகாதீர்கள். 60 மீட்டர் இடைவெளி நிறைய இருப்பதுபோல் தோன்றும். 20 நாட் வேகத்தில் அது ஆறே விநாடி. விழுந்தவர் தண்ணீரில் தலை மட்டும் தெரிய மிதப்பார், எதிர் வெயிலில் அதுவும் தெரியாது. இழுக்கும் படகில் ஓட்டுநரைத் தவிர ஒருவர் பின்னால் பார்த்தபடி இருக்க வேண்டும்.

வேக்சர்ஃப் (படகு கிளப்பும் அலையில் பலகை மேல் சறுக்குவது) படகுகள் தனி வகை. தண்ணீர் நிரப்பிப் பின்பக்கத்தை வேண்டுமென்றே தாழ்த்தி, சுமார் 10 நாட் வேகத்தில் ஓட்டி, பெரிய அலை கிளப்புவதற்காகவே செய்யப்பட்டவை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வகம் 2022-இல் வெளியிட்ட அளவீட்டில், சாதாரண படகின் அலை 200 அடியில் தணியும் அளவுக்கு இவற்றின் அலை தணிய 500 அடிக்கு மேல் வேண்டும் என்று கண்டார்கள். ஏறத்தாழ 150 மீட்டர். 120 மீட்டர் அகலத்தில் அந்த விளையாட்டுக்கு எந்த மூலையிலும் இடமில்லை, நடுவில் ஓட்டினால் பரவாயில்லையா என்று கேட்பதற்கே வழியில்லை.

ஆழம்பார்

கேட்காதது, ஆனால் கூட்டமான இடத்தில் சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் எழுதுகிறேன்.

படகு இறக்கும் சரிவில் ஏறிய பிறகு கயிறு கட்டுவது, சாமான் ஏற்றுவது கூடாது. வண்டி நிறுத்தும் இடத்திலேயே வடிகால் அடைப்பு போட்டு, பட்டைகளை அவிழ்த்து, ஃபெண்டரும் இரண்டு கயிறும் கட்டி, சாவி எடுத்து, இஞ்சின் பெட்ரோல் குழாயைச் சரிபார்த்து வாருங்கள். சரிவில் இருக்க வேண்டியது இரண்டு மூன்று நிமிடம். மூக்குச் சங்கிலியை மட்டும் கடைசிவரை கழற்றாதீர்கள், சரிவில் படகு டிரெய்லரை விட்டு வழுக்கி சிமென்ட்டில் விழும். படகை டிரெய்லரில் ஏற்றும்போது இஞ்சின் வேகத்தில் உந்தி ஏற்றாமல் வின்ச்சால் இழுங்கள். புரொப்பல்லர் பீய்ச்சும் தண்ணீர் சிமென்ட் முடியும் இடத்தில் மண்ணை அரித்துப் பள்ளம் பறிக்கும். அடுத்து வருபவரின் டிரெய்லர் சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கி மாட்டிக்கொள்ளும். இரவில் பின்னோக்கி இறங்கும்போது ஹெட்லைட்டை அணைத்துவிடுங்கள், பக்கத்துச் சரிவில் இறங்குபவருக்குக் கண்ணாடியில் எதுவும் தெரியாது.

நங்கூரத்தில் முதலில் வந்தவர் போட்ட முறைதான் மற்றவர்களுக்கும். 4 மீட்டர் ஆழம், மூக்கு தண்ணீருக்கு மேல் 1 மீட்டர் என்றால் மொத்தம் 5. ஐந்து மடங்கு கயிறு 25 மீட்டர். படகு நீளத்தையும் சேர்த்தால் சுமார் 32 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் படகு சுழலும். முழுச் சங்கிலியில் நிற்பவர் குறைவாகத்தான் சுழலுவார், காற்று மாறியதும் கயிற்றுப் படகு அவர் மேல் வந்து சாயும். போடுமுன் "எவ்வளவு விட்டிருக்கிறீர்கள்?" என்று குரல் கொடுத்துக் கேட்பதில் யாருக்கும் வருத்தம் வராது. வாய்க்காலின் நடுவிலும், வழிகாட்டும் மிதவையிலும் கட்டவே கூடாது.

ரேடியோவில் 16-ஆம் சேனல் ஆபத்துக்கும் அழைப்புக்கும். அழைத்து, பதில் வந்ததும் வேறு சேனலுக்குப் போய்ப் பேசுங்கள். பக்கத்துப் படகோடு பேச 25 வாட் தேவையில்லை, 1 வாட் போதும். மைக் இருக்கைக்கு அடியில் சிக்கி பட்டன் அழுந்திய நிலையில் இருந்தால் சுற்றுவட்டாரம் முழுக்க அந்தச் சேனல் அடைபட்டுப் போகும். மைக்கை அதன் கொக்கியில் மாட்டுங்கள்.

சுக்கான்

இரவைப் பற்றி ஆழம்பார் தொட்டதால் இதையும் சேர்க்கிறேன். ஜெட்டியில் கட்டுவதற்காக முன்னால் பொருத்தும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகளை எரியவிட்டே ஓட்டும் பழக்கம் கூடிவருகிறது. சாலைபோல் முன்னால் வெளிச்சம் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். தண்ணீர் அந்த வெளிச்சத்தைத் திருப்பித் தராது, எதிரில் வருபவரின் கண்ணைத்தான் அது கூசச் செய்யும். உங்கள் சிவப்பு, பச்சைப் பக்கவிளக்குகளை அதன் நடுவில் அவரால் பிரித்துப் பார்க்கவே முடியாது, நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று தெரியாமல் போய்விடும். இருட்டுக்குப் பழகிய கண் மீண்டும் சரியாக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகலாம். பின்பக்கம் தண்ணீருக்கு அடியில் எரியும் நீல அலங்கார விளக்கும், மினுக்கும் விளக்கும் அப்படித்தான். அவசரகால வண்டியோ என்று குழப்பும்.

12 மீட்டருக்குக் குறைவான விசைப்படகுக்கு இரண்டு பக்கவிளக்கும், சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கும் போதும். அந்த வெள்ளை விளக்குக் கம்பம் மடக்கும் வகை என்றால் முழுதாக நிமிர்த்துங்கள். பாதியில் நின்றால் நிற்பவர் உடல் அதை மறைக்கும், ஓட்டுநரின் கண்ணிலும் அடிக்கும். ஏறும் முன் படகைச் சுற்றி நடந்து நான்கு பக்கமும் எரிகிறதா என்று பாருங்கள், மூக்கில் தொங்கும் ஃபெண்டர்தான் பச்சை விளக்கை அடிக்கடி மறைப்பது.